விசாரமும் விசாரணையும்

ஒருவன் தன் மனத்தை எழுதலாம். பிறர் மனத்தை எழுத அவனுக்கு ஏது உரிமை? இதை உத்தி சம்பந்தப்பட்ட கேள்வியாகவே பேசி நமக்குப் பழகிவிட்டது. தன்மையில் சொல்வதா, படர்க்கையில் சொல்வதா, நனவோடையா, கடிதமா, நாட்குறிப்பா என்று பேச்சு அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது வருஷங்களில் ருமேனிய நாவலாசிரியர்கள் சிலர் இதை ஒழுக்கப் பிரச்னையாக எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியாத இன்னொருவர் மனத்துக்குள் புகுந்து, அவன் இப்படி நினைத்தான், அவள் இப்படி ஏங்கினாள் என்று எழுதுவது நேர்மைக் குறைவு என்று அவர்களில் ஒருவர் நேரடியாகவே சொன்னார். ருமேனிய மனோதத்துவ நாவலின் வளர்ச்சி என்று இலக்கிய வரலாறுகள் வகுத்துச் சொல்வது, எனக்கு இந்த ஒரு கூற்றைச் சுற்றி நடந்த வழக்காகவே படுகிறது. வழக்கு என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். அந்த நாவல்களில் எங்கு பார்த்தாலும் நீதிமன்றம், சாட்சி, தடயம், தீர்ப்பு. விசாரம் என்று ஆரம்பிப்பது விசாரணையில் போய் முடிகிறது.

ஆரம்பமாக இயோன் ஸ்லாவிச்சின் 'அதிர்ஷ்ட ஆலை' என்ற 1881ஆம் வருஷத்துக் குறுநாவலைச் சொல்வது வழக்கம். சொல்லட்டும். செருப்புத் தைத்துப் பிழைத்துவந்த கித்ஸா, பணம் சேர்க்கும் ஆசையில் வழியோரச் சத்திரம் ஒன்றைக் குத்தகைக்கு எடுக்கிறான். அந்தப் பிரதேசத்துப் பன்றி மேய்ப்பர்களையெல்லாம் கைக்குள் வைத்திருக்கும் லீக்கா என்பவனின் பிடியில் விழுகிறான். பணமும் பயமுமாகச் சேர்ந்து ஒரு சாதாரண மனிதனை உள்ளிருந்து அரிப்பதை ஸ்லாவிச் கிட்டே நின்று காட்டுகிறார். கடைசியில், லீக்காவைப் பிடித்துக் கொடுப்பதற்காகத் தன் மனைவி அனாவையே தூண்டில் புழுவாக விட்டுப் போகும் கித்ஸா, திரும்பி வந்து அவளைக் கொல்கிறான். அவன் மனத்தின் ஒவ்வொரு நடுக்கமும் நமக்குத் தெரியும். அனாவின் மனமோ, கதைக்குத் தேவைப்பட்ட அளவுக்குத்தான் திறக்கிறது. சந்தேகப்படும் கணவன், கேட்கப்படாத மனைவி, ஒரு மரணம். ஐம்பது வருஷம் கழித்து வரப்போகும் நாவல்களின் அச்சு இங்கேயே கிடக்கிறது.

லிவியு ரெப்ரெயானுவின் 'தூக்கிலிடப்பட்டவர்களின் காடு' 1922இல் வந்தது. அன்று ட்ரான்ஸில்வேனியா ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டது. அங்கே பிறந்த ருமேனியர்கள் பேரரசின் ராணுவத்தில் சேர்ந்து, 1916க்குப் பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் நின்ற ருமேனியர்களையே சுட வேண்டியிருந்தது. நாவலின் அபொஸ்டொல் பொலோகா அப்படி ஒரு அதிகாரி. முதல் அத்தியாயத்தில், ஓடிப்போக முயன்ற ஸ்வொபோதா என்ற செக் அதிகாரிக்கு மரண தண்டனை விதித்த ராணுவ நீதிமன்றத்தில் அவனும் ஒருவன். கடமையில் அவ்வளவு சுறுசுறுப்பு. தூக்குக் கயிற்றின் உறுதியைத் தானே சோதித்துப் பார்க்கிறான். பிறகு ஸ்வொபோதாவின் கண்களில் தெரிந்த ஏதோ ஒரு ஒளி அவனைப் பிடித்துக்கொள்கிறது. நாவல் முழுக்க அந்தப் பார்வையை அவனால் உதற முடிவதில்லை. கடைசியில் தானும் எல்லை தாண்டப் போய், பிடிபட்டு, அதே மாதிரிக் கயிற்றில் தொங்குகிறான்.

இந்த நாவலுக்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒரு காடு முழுக்கத் தூக்கில் தொங்கும் செக் வீரர்களைக் காட்டும் புகைப்படம் ஒன்றை நண்பர் ஒருவர் ரெப்ரெயானுவுக்குக் காட்டினார். மற்றது, அவருடைய சொந்தத் தம்பி எமில். பேரரசின் ராணுவத்தில் அதிகாரியாக இருந்த எமில் ருமேனியப் பக்கம் ஓடிவர முயன்று, 1917 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டான். அப்போது அண்ணன் புக்காரெஸ்டில். செய்தி அவருக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. நாவல் எமிலின் நினைவுக்குச் சமர்ப்பணம்.

தம்பியின் கடைசி இரவில் அவன் மனத்தில் என்ன ஓடியது என்று ரெப்ரெயானுவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆனால் பொலோகாவின் கடைசி இரவை அவர் எழுதுகிறார், உள்ளே புகுந்து, மூச்சுக்கு மூச்சு. இது பொய்யா? பொய்தான். அத்தாட்சி இல்லாத கூற்றை வேறு எப்படிச் சொல்வது? ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொலோகாவுக்குள் அவ்வளவு தூரம் போகும் ரெப்ரெயானு, ஸ்வொபோதாவுக்குள் ஒரு அடிகூட எடுத்து வைப்பதில்லை. கண்களில் தெரிந்த ஒளியோடு நின்றுவிடுகிறார். எங்கே புக வேண்டும், எங்கே வாசலில் நிற்க வேண்டும் என்ற கூச்சம் அந்தப் படர்க்கை நாவலில் இருக்கிறது. 'எல்லாம் தெரிந்த கதைசொல்லி' என்று பாடப்புத்தக பாணியில் அவரைத் தள்ளிவிடுகிறவர்கள் இந்தக் கூச்சத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்து புக்காரெஸ்டில் யூஜென் லொவினெஸ்கு பெரிய விமர்சகர். 'ஸ்புராடோருல்' என்ற பத்திரிகையும் அதே பெயரில் ஒரு இலக்கிய வட்டமும் அவருடையவை. கிராமத்திலிருந்து நகரத்துக்கு, தன்னுணர்ச்சியிலிருந்து புறவயமான சித்திரிப்புக்கு என்று உரைநடைக்கு ஒரு பாதை போட்டுக் கொடுத்தவர். அந்தப் பாதையில் வந்தவர் ஹொர்டென்ஸியா பாபாடாட்-பெஞ்செஸ்கு என்ற பெண். 'பாஹ் இசைக் கச்சேரி' (1927) முதலிய நாவல்களில் புக்காரெஸ்ட் மேல்தட்டுக் குடும்பங்களின் நோய்களை எழுதினார். காசநோய், ரத்தம் விஷமாவது, வேஷம், பணம். நோயுற்ற உடம்பு மனத்தில் என்ன செய்கிறது என்பதை அவர் அளவுக்கு அலட்டிக்கொள்ளாமல் பார்த்தவர்கள் குறைவு. விமர்சகர்கள் போட்ட பாதை என்பதாலேயே சந்தேகத்தோடு அணுகினேன். புத்தகம் பாதையைவிடப் பெரியது.

காமில் பெட்ரெஸ்கு இந்தப் பாதையை மறுத்து எழுந்தவர். 1894இல் பிறந்தவர், தத்துவம் படித்தவர், போருக்குப் போய்க் காயம்பட்டுச் சிறைப்பட்டவர். போரில் கேட்கும் திறனும் பழுதுபட்டது. மார்ஸெல் ப்ரூஸ்டின் புதிய அமைப்பைப் பற்றிய அவருடைய 1935ஆம் வருஷத்துக் கட்டுரையில்தான் நான் மேலே சொன்ன கூற்று ஸ்தூலமான வடிவம் பெறுகிறது. பார்ப்பது, கேட்பது, என் புலன்கள் பதிவு செய்வது, நான் நினைப்பது - இவை தவிர வேறெதையும் நான் அறியேன். ஆகவே நேர்மையாகப் பேச வேண்டுமானால் தன்மை ஒருமையில்தான் பேச முடியும். சாரம் இதுதான். படிக்கும்போது தலை வணங்கத் தோன்றுகிறது. எத்தனை அடக்கம்! ஆனால் இந்த அடக்கத்தைத் தன் நாவலிலேயே அவர் சோதனைக்கு வைத்திருக்கிறார். அங்கேதான் அது அடக்கம்தானா என்ற சந்தேகம் எழுகிறது.

'காதலின் கடைசி இரவு, போரின் முதல் இரவு' (1930) ஒரு தீர்ப்பைப் பற்றிய பேச்சோடு ஆரம்பிக்கிறது. 1916, ருமேனியா போரில் இறங்கச் சில மாதங்கள் இருக்கின்றன. சோரம் போன மனைவியைக் கொன்ற கணவன் ஒருவன் விடுதலை செய்யப்பட்ட செய்தி பத்திரிகையில் வந்திருக்கிறது. அதிகாரிகள் சாப்பாட்டு மேஜையில் அதைப் பற்றி விவாதிக்கிறார்கள். ஷ்டெஃபான் கியோர்கிதியு, தத்துவ மாணவன், காதல் தரும் உரிமைக்கு எல்லையே கிடையாது என்கிற மாதிரி வெடிக்கிறான். பிறகுதான் தன் கதையைச் சொல்கிறான். ஏழை மாணவனாக எலாவைக் கல்யாணம் செய்துகொண்டான். மாமா ஒருவரின் சொத்து வந்தது. பணத்தோடு நாகரிக மனிதர்கள் வந்தார்கள், அவர்களோடு ஜி. என்ற ஒருவன் வந்தான். காரில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், விருந்தில் யார் தட்டிலிருந்து யார் எடுத்துச் சாப்பிட்டாள் என்று கியோர்கிதியு கணக்கெடுக்கிறான். கணக்கு என்றால் அசல் கணக்கு, வரவு செலவு தவறாமல். பொறாமையை உணர்ச்சியாக எழுதிய நாவல்கள் நிறைய இருக்கின்றன. அறிதல் முறையாக, தத்துவத்துறையில் பயின்ற ஒருவன் தன் கருவிகளையெல்லாம் கொண்டுவந்து நிறுத்திச் செய்யும் ஆராய்ச்சியாக எழுதிய நாவல் இது. என் மனத்தைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது என்று சபதம் செய்துகொண்டவனுக்கு மனைவி என்பவள் வெறும் தடயங்களின் தொகுப்பு.

ஒரு இடம். போர் மூளுவதற்கு முன், கியோர்கிதியு எல்லையில் பட்டாளத்தோடு இருக்கிறான். எலா பக்கத்து ஊரில் வந்து தங்கியிருக்கிறாள். அவனைப் பார்த்தபோது, அவனுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பேச்செடுத்து, வங்கியில் இருக்கும் பவுன் பணத்தில் ஒரு பங்கைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்கிறாள். அவனுக்கு எல்லாம் வெளிச்சமாகிவிடுகிறது. ஜி.யும் அதே ஊரில் தென்பட்டுவிட்டான். வழக்கு முடிந்தது. அவள் கேட்டது அவனுக்குக் கடைசிச் சாட்சியம். அவளுடைய வீழ்ச்சிக்கு அடையாளமாகவே இதை விமர்சகர்களும் காட்டுகிறார்கள்.

நான் வங்கியில் குமாஸ்தா. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தக் காட்சி வேறு மாதிரித் தெரிகிறது. ராணுவத்துக்குப் போகிறவன், வெளிநாட்டுக்குப் போகிறவன், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவன் - இவர்கள் மனைவிமார் வந்து கேட்பது இதைத்தான். கணக்கில் என் பெயரையும் சேர்க்க முடியுமா, நாமினி யார் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? பாதிப் பேர் புருஷனுக்குத் தெரியாமல் வருவார்கள், கேட்டால் அபசகுனமாக நினைப்பானே என்று. சிலர் அழுதுகொண்டே கேட்பார்கள், சிலர் காய்கறி விலை கேட்பது போலக் கேட்பார்கள். எவள் பிரியத்தினால் கேட்டாள், எவள் வேறு கணக்கோடு கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாக வேண்டியதும் இல்லை. படிவம் ஒன்றுதான். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே போகிறவனிடம், தன் பெயரில் காலணா இல்லாத பெண் அதைக் கேட்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். கியோர்கிதியு படித்த கான்ட்டில் இதற்கு இடமில்லை.

கதைசொல்லியின் குணத்தை ஆசிரியர் தலையில் கட்டுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெட்ரெஸ்குவே ஒரு துரும்பை அங்கே போட்டு வைத்திருக்கிறார். ஒரு இரவு கியோர்கிதியு வீடு திரும்பும்போது எலா வீட்டில் இல்லை. அதைக் காரணமாக வைத்துப் பிரிந்துவிடுகிறான். வெகுநாள் கழித்து, அந்த இரவு அவளைத் துணைக்கு அழைத்து உறவினள் எழுதிய சீட்டு ஒன்று, தேதியோடு, கையில் கிடைக்கிறது. அவள் சொன்னது உண்மை. அதாவது, கதைசொல்லிக்கு எட்டாத ஒரு உண்மை நாவலுக்குள் இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். தெரிந்த அந்தக் கணமே அவருடைய சபதம் உடைந்துபோகிறது. ஆனால் பாருங்கள், எலாவைக் காப்பாற்றுவது எலாவின் பேச்சு அல்ல. ஒரு துண்டுக் காகிதம். அவள் வாயால் சொன்னபோது அது சாட்சியமாகவில்லை. இதைத்தான் நான் விசாரணை என்கிறேன்.

அன்டோன் ஹோல்பன், லொவினெஸ்குவின் சகோதரி மகன், 1937இல் முப்பத்தைந்து வயது நிரம்பும் முன்பே இறந்துபோனவர், இந்த அச்சை இன்னும் இறுக்கினார். அவருடைய 1931ஆம் வருஷத்து நாவலின் பெயரே 'எதையும் நிரூபிக்காத ஒரு மரணம்'. ஸான்டு என்ற படித்த இளைஞன் இரினாவைக் காதலிக்கவும் மாட்டான், விடவும் மாட்டான். பாரிஸுக்குப் போகிறான். அவள் இறந்துபோகிறாள். தற்கொலையா, கால் தவறி விழுந்தாளா? தற்கொலை என்றால் அவள் தன்னைக் காதலித்ததற்கு நிரூபணம். விபத்து என்றால் எதுவுமில்லை. அவள் செத்த பிறகும் அவளிடமிருந்து அவனுக்கு வேண்டியிருப்பது ஒரு ரசீது. இவ்வளவு குரூரத்தை இவ்வளவு அடங்கிய குரலில், தன்னைத் துளிகூட நியாயப்படுத்திக்கொள்ளாமல் எழுத ஹோல்பனுக்கு முடிந்திருக்கிறது. பெட்ரெஸ்குவைவிடச் சிறிய கலைஞர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரைவிடத் தைரியசாலி என்று எனக்குத் தோன்றுகிறது.

பெட்ரெஸ்குவும் சும்மா இருந்துவிடவில்லை. 'ப்ரொக்ரஸ்டஸின் கட்டில்' (1933) அவர் தன் சபதத்தோடு போட்ட சண்டை. இங்கே ஒரு 'நான்' இல்லை, பல. திருமதி டி. எழுதும் கடிதங்கள். ஃப்ரெட் வாஸிலெஸ்கு என்ற பணக்கார இளைஞனின் குறிப்புகள். அவன் ஒரு ஆகஸ்ட் மாதப் பிற்பகலில் எமிலியா என்ற மூன்றாந்தர நடிகையின் படுக்கையில் கிடந்தபடி, அவளுக்காக உருகித் தற்கொலை செய்துகொண்ட கவிஞன் லதிமாவின் கடிதங்களை வாசிக்கிறான். பக்கத்தின் அடியில் ஆசிரியரின் அடிக்குறிப்புகள் வேறு, சில சமயம் பக்கத்தையே விழுங்கிவிடும் அளவுக்கு. லதிமாவின் சாவுக்குக் காரணம் தேடி ஃப்ரெட் விசாரித்துத் திரிகிறான்; கையெழுத்துப் பிரதியை ஆசிரியரிடம் ஒப்படைத்த கையோடு விமான விபத்தில் அவனும் சாகிறான். திருமதி டி.யை அவன் ஏன் விட்டு ஓடினான் என்பது கடைசிவரை தெரிவதில்லை. ஒருவருடைய 'நானு'க்குள் இன்னொருவர் காலை வெட்டியோ இழுத்தோதான் படுக்க வைக்கப்படுகிறார், தலைப்பு அதுதான். விசாரணை இங்கே விசாரமாகிவிடுகிறது, ஏனென்றால் தீர்ப்புச் சொல்ல நீதிபதி மிஞ்சவில்லை. ருமேனிய நாவல்களில் நான் திரும்பத் திரும்பப் படிக்கக்கூடியது இது.

ஆனால் எலா, இரினா, எமிலியா எல்லோரும் கற்பனைப் பெண்கள். புத்தகத்தை மூடிவிட்டால் அவர்கள் திரும்பிப் பேசமாட்டார்கள். ஒருத்தி பேசினாள்.

மிர்ச்சா எலியாட் 1928 கடைசியில் கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கு இருபத்தொரு வயது. தான் யாரிடம் படிக்க வந்தாரோ அந்த சுரேந்திரநாத் தாஸ்குப்தாவை அவர் சந்தித்தது சென்னையில், அடையாறு பிரம்மஞான சபையில் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிறகு கல்கத்தா. 1930இல் தாஸ்குப்தாவின் வீட்டிலேயே தங்கினார். அவருடைய மகள் மைத்ரேயிக்கு அப்போது பதினாறு வயது. அந்த செப்டம்பரில் எலியாட் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1933இல் புக்காரெஸ்டில் 'மைத்ரேயி' என்ற நாவல் வந்து பரிசும் புகழும் பெற்றது. கதைசொல்லி நாட்குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு, அன்று எழுதியதை இன்று திருத்தியபடி சொல்லிப் போகிறான். அனுபவம், கலப்படமற்ற அனுபவம் என்று அந்தத் தலைமுறை போட்ட கோஷத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் அந்தக் கலப்படமின்மையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். கதைசொல்லிக்கு ஆலன் என்று பெயர், தொழில் பொறியாளர். தாஸ்குப்தா நரேந்திர சென் ஆகிவிடுகிறார். மைத்ரேயி மட்டும் மைத்ரேயி. தன் பெயரை மறைத்துக்கொண்டு அவள் பெயரை அச்சில் ஏற்றியிருக்கிறார். அந்த மைத்ரேயி இரவுகளில் ஆலனின் அறைக்கு வருகிறாள். கடைசியில், வீட்டைவிட்டுத் துரத்தப்பட வேண்டும் என்பதற்காகவே பழ வியாபாரி ஒருவனிடம் தன்னை ஒப்படைக்கிறாள்.

மைத்ரேயி தேவிக்கு நாவலின் முழு உள்ளடக்கமும் தெரியவந்தது 1972இல், கல்கத்தாவுக்கு வந்த ருமேனிய அறிஞர் ஒருவர் மூலம். அதற்குள் அவர் பெயர் பெற்ற கவிஞர், தாகூரைப் பற்றி எழுதியவர், குடும்பஸ்தர். 1973இல் சிகாகோ போய் எலியாடை நேரில் பார்த்தார். 1974இல் 'ந ஹன்யதே' வெளிவந்தது. 1976இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. 'கொல்லப்படுவதில்லை' என்று தமிழிலும் இருக்கிறது. அறைக்கு வந்த இரவுகள் பொய் என்கிறார். காதல் பொய் என்று அவர் சொல்லவில்லை. அதுதான் அந்தப் புத்தகத்தின் பலம். தன் பெயரை அம்ருதா என்று மாற்றிக்கொண்டு, எலியாடை மிர்ச்சா என்ற பாதிப் பெயரோடு விட்டுவிடுகிறார். தான் உயிரோடிருக்கும்வரை எலியாடின் நாவல் ஆங்கிலத்தில் வரக் கூடாது என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அப்படியே, அவர் மறைந்த பிறகு 1990களில்தான் வந்தது. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் இரண்டு நாவல்களையும் சேர்த்தே கொண்டுவந்தது, கணவன் மனைவி போல. அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு அருவருப்பு உண்டு.

எலியாடின் பக்கம் பேசுகிறவர்கள், அது நாவல், கற்பனைக்கு உரிமை இல்லையா என்கிறார்கள். உண்டு. ஆனால் உண்மை அனுபவம் என்ற பெயரில் வாசகனிடம் கடன் வாங்கிவிட்டு, வசூலுக்கு வரும்போது கற்பனை என்று கையை விரிக்கக் கூடாது. ரெப்ரெயானு யாரிடமும் கடன் வாங்கவில்லை. தம்பியின் பெயரைப் பாத்திரத்துக்கு வைக்கவும் இல்லை. அவருடைய பொய் கைநீட்டி நிற்கும் பொய். எலியாடின் உண்மை கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் உண்மை.

இதே வருஷங்களில் இன்னொரு வழக்கும் நடந்தது. மிஹாயில் செபாஸ்டியன், ப்ரைலா நகரத்து யூதர், 'இரண்டாயிரம் ஆண்டுகளாக' என்ற நாவலுக்குத் தன் ஆசிரியர் நயெ இயொனெஸ்குவிடம் முன்னுரை கேட்டார். எலியாடுக்கும் அவர்தான் குரு. 1934இல் வந்து சேர்ந்த முன்னுரை, செபாஸ்டியனை இயோஸிஃப் ஹெக்டர் என்ற அவருடைய பிறப்புப் பெயரால் அழைத்து, நீ ப்ரைலாக்காரன் அல்ல, யூதன். உன் துன்பம் உன் விதி என்ற ரீதியில் போகிறது. நாவலின் 'நான்' வாயைத் திறக்கும் முன்பே 'நீ யார்' என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. செபாஸ்டியன் அதை ஒரு எழுத்து மாற்றாமல் தன் புத்தகத்தின் முன்னாலேயே அச்சிட்டார். இடது வலது இரண்டு பக்கமும் அதற்காக அவரை அடித்தது. மறுவருஷம் தனிப் புத்தகமாகப் பதில் எழுதினார். அச்சிட்டது சரியா என்று இன்றும் சர்ச்சை செய்கிறார்கள். எலாவுக்குக் கிடைக்காத இடத்தைத் தன்னைத் தூற்றியவருக்குக் கொடுத்த மனிதர் அவர் என்பதோடு நான் நின்றுகொள்கிறேன்.

அவருடைய நாட்குறிப்பு, 1935 முதல் 1944 வரை எழுதியது, 1996இல்தான் வெளிவந்தது. அவர் 1945 மே மாதத்தில் லாரி மோதி இறந்து ஐம்பத்தொரு வருஷம் கழித்து. அதில் நண்பர்கள் ஒவ்வொருவராக விஷமாகிப் போவதைப் பார்க்கிறோம். எலியாடும் அதில் உண்டு. காமில் பெட்ரெஸ்குவும் உண்டு! ருமேனியாவிலேயே ஆக நுட்பமான மனம் என்று தான் மதிக்கும் மனிதர் எதிரே உட்கார்ந்து யூதர்களைப் பற்றிச் சொல்வதை செபாஸ்டியன் அப்படியே எழுதி வைக்கிறார். அவர் உள்ளே என்ன நினைத்தார், பயமா, வெறுப்பா, வழக்கமா என்று ஆராய்வதில்லை. பிரக்ஞையின் சிற்பி என்று பேர் வாங்கியவரை வெளியிலிருந்து, குரலும் முகமுமாக மட்டும் பார்ப்பது விசித்திரமான அனுபவம். பெட்ரெஸ்குவின் விதி பெட்ரெஸ்குவுக்கே பிரயோகமாகியிருக்கிறது. ஆனால் எலாவுக்குக் காட்டப்படாத மரியாதையோடு. (கம்யூனிஸ்ட் ஆட்சியில் பெட்ரெஸ்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புரட்சியாளர் பால்செஸ்குவைப் பற்றி மூன்று பாகத்தில் 'மனிதர்களிடையே ஒரு மனிதன்' எழுதி, முடிக்காமலே 1957இல் இறந்தார். படர்க்கையில். தன்மை ஒருமையில்தான் நேர்மை என்றவரை அந்த ஆட்சி அங்கே கொண்டுபோய் விட்டது என்பதா, அவரே போய்ச் சேர்ந்தார் என்பதா?)

மாக்ஸ் பிளெகரைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகெலும்புக் காசநோயால் பத்து வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து 1938இல் இருபத்தெட்டு வயதில் இறந்தவர். அவருடைய 1936ஆம் வருஷத்து நாவலில், சுவரில் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தான் யார், எங்கே இருக்கிறோம் என்பதே நழுவிவிடுகிறது. பெட்ரெஸ்கு அசையாத தரை என்று காலூன்றிய 'நான்' இவருக்குச் சேறு. பிறர் மனம் தெரியாது என்பவனிடம், உன் மனம் மட்டும் தெரியுமா என்று கேட்கிற புத்தகம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

'ப்ரொக்ரஸ்டஸின் கட்டில்' நாவலில் ஆசிரியர் திருமதி டி.யை எழுதச் சொல்லித் தூண்டுகிறார். நடையழகு வேண்டாம், இலக்கணப் பிழை இருக்கட்டும், கையெழுத்து நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உணர்ந்ததை உள்ளபடி எழுதினால் அவரே எழுத்தாளர் என்கிறார். தாராளமான வார்த்தை. ஆனால் கையெழுத்து மோசமாக இருப்பதற்கும் முதலில் எழுதத் தெரிந்த கை வேண்டும். எங்கள் கிளையில் மாதிரிக் கையெழுத்து இப்போது கணினித் திரையில் வருகிறது. சிலர் கணக்கைத் திறந்தால் அந்த இடத்தில் இடது பெருவிரல் ரேகை ஒன்றுதான் இருக்கும். நாட்குறிப்பும் கடிதமும் சீட்டும் மட்டுமே மனத்துக்கு அத்தாட்சி என்றால், இவர்களுக்கெல்லாம் நாவலில் மனமே கிடையாது. 'மைத்ரேயி'யின் பழ வியாபாரிக்கு அப்படித்தான் இல்லாமல் போயிற்று. ஒரு பெண் தன்னை அழித்துக்கொள்ளப் பயன்பட்ட பொருள், அவ்வளவுதான் அவன். அந்த நாற்பது வருஷச் சண்டையில் அவன் பக்கத்துப் பேச்சு எங்குமே வரவில்லை.

ரெப்ரெயானுவின் நாவலில், பொலோகா ஓடிப்போவதற்கு முன் அவனை மறுபடியும் ராணுவ நீதிமன்றத்தில் உட்காரச் சொல்கிறார்கள். இந்தத் தடவை முன்னால் நிறுத்தப்படுகிறவர்கள் ருமேனிய விவசாயிகள், உளவு பார்த்ததாகக் குற்றச்சாட்டு. ஸ்வொபோதாவின் பார்வையை நூற்றுக்கணக்கான பக்கங்கள் சுமந்து வந்தவனால் இன்னொரு முறை அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. அன்றிரவு அவன் கிளம்பிவிடுகிறான்.